அப்பாவும் ரெண்டு டென்மார்க் ராஜாக்களும்

"கோபன்ஹேகன்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்கிற எல்லோருக்கும் என்னிடம் ஒரே பதில்தான். ரெண்டு நாள் ஊருக்குள்ள சுத்துங்க, மூணாவது நாள் ரயில் ஏறி ஊரை விட்டு வெளியே போயிடுங்க. ஊருக்குள்ள எல்லோரும் தேடிப் போற கடல்கன்னி சிலை நாலடி உசரம்தான். அதைப் பார்த்துட்டு "இவ்ளோதானா?" என்று கேட்காத உறவுக்காரர் இதுவரை எங்க வீட்டுக்கு வந்ததில்லை :-)

அப்பா மட்டும் கேட்கலை. 2019 ஜூன்ல வந்திருந்தார். அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சிலையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், "காத்து அடிக்குது, போலாமா" என்றார். வந்த முதல் வாரம் முழுக்க இப்படித்தான். சாப்பிடுவார், பால்கனியில நிற்பார், ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சமா இருக்கேன்னு கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு திட்டம் இருந்தது. அதைச் சொல்லாம இந்தக் கதை நகராது. பொறையாறு வீட்டை வித்துட்டு அப்பாவைத் தாம்பரத்துல அக்கா வீட்டுப் பக்கத்துல ஒரு ஃப்ளாட்ல கொண்டு வந்து வைக்கணும். நானும் அக்காவும் போன்லயே பேசி முடிவு பண்ணியாச்சு. புரோக்கர் ஒருத்தர் விலையும் சொல்லிட்டார். அப்பாகிட்ட சொல்ற வேலை மட்டும் பாக்கி, அது என் தலையில விழுந்தது. வீட்டுக்குள்ள உட்கார்ந்து சொல்ல தைரியம் வரலை. வெளியே கூட்டிட்டுப் போய், நல்லா சுத்திக் காட்டி, மனசு குளிர்ந்திருக்கிற நேரத்துல சொல்லிடலாம்னு கணக்குப் போட்டேன்.

முதல் சனிக்கிழமை ஹெல்சிங்கோர். கோபன்ஹேகன்ல இருந்து வடக்கே முக்கால் மணி நேர ரயில். வலது பக்க ஜன்னல்ல உட்காருங்க, நடுநடுவே கடல் தெரியும். ஸ்டேஷனை விட்டு இறங்கினா எதிரே தண்ணிக்கு அந்தப்பக்கம் ஸ்வீடன். நாலு கிலோமீட்டர்தான். அங்கேயிருந்து ஜனங்க படகுல வந்து இங்கே சரக்கு வாங்கிட்டுப் போவாங்க, அவங்க ஊர்ல விலை அதிகம். காரைக்கால் பார்டர் ஞாபகம் வருதான்னு அப்பாகிட்ட கேட்டேன். முறைச்சார்.

குரோன்போர்க் கோட்டை அந்தக் கடல் முனையில நிற்குது. ஷேக்ஸ்பியர் ஹாம்லெட் கதையை நடத்தின இடம். அவர் இங்கே வந்ததுக்கு எந்த ஆதாரமும் கிடையாது, ஆனாலும் டிக்கெட் விற்பனை அவர் புண்ணியத்துலதான். அப்பாவுக்கு ஹாம்லெட் எல்லாம் ஏறலை. அவருக்குப் பிடிச்சது சுங்க விவகாரம்.

விஷயம் இதுதான். பால்டிக் கடலுக்குள்ள போற, வர்ற கப்பல் எல்லாம் இங்கே நின்னு டென்மார்க் ராஜாவுக்கு வரி கட்டிட்டுத்தான் நகரணும். 1429 வாக்குல ஆரம்பிச்சு 1857 வரைக்கும் நடந்திருக்கு. சரக்கோட மதிப்பு எவ்வளவுன்னு கப்பல்காரனே சொல்லணும், அதுக்குத் தகுந்த வரி. அப்போ குறைச்சுச் சொல்லுவானேன்னு கேட்கறீங்களா? அங்கதான் இருக்கு சூட்சுமம். அவன் சொன்ன அதே விலைக்கு மொத்தச் சரக்கையும் ராஜாவே வாங்கிக்கலாம்னு ஒரு விதி. குறைச்சுச் சொன்னா சரக்கு போச்சு!

அப்பா வாய்விட்டுச் சிரிச்சார். இந்தியாவுல இருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. "நம்ம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இந்தச் சட்டத்தைக் கொண்டு வரணும்டா. ஒரு பய பத்திரத்துல குறைச்சுப் போட மாட்டான்." பொதுப்பணித்துறையில முப்பத்தி மூணு வருஷம் ஓவர்சியரா இருந்தவர், இது மாதிரி விஷயம்னா முகமே மாறிடும். கீழே நிலவறையில ஹோல்கர் டான்ஸ்க்னு ஒரு வீரன் உட்கார்ந்தபடியே தூங்கற சிலை இருக்கு. நாட்டுக்கு ஆபத்து வந்தா எழுந்து வருவானாம். "இப்படித் தூங்கினா எழுந்திரிக்கும்போது முதுகு பிடிச்சுக்கும்" என்றார்.

கோட்டை மதில் ஓரமா உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தோம். காத்துல ஊறுகாய்ப் பொட்டலம் பறந்து போச்சு. பத்திரம், ரிஜிஸ்டர்னு அவரே பேச்செடுத்திருக்கார், இதுதான் நேரம்னு வாயைத் திறக்கப் போறேன், அப்பா தண்ணியைக் காட்டி, "தரங்கம்பாடிக்கு வந்த கப்பல் இந்த வழியாத்தானே போயிருக்கும்?" என்றார்.

ஆமா. 1618-ல ஓவ கெட்டேங்கிறவர் தலைமையில கோபன்ஹேகன்ல கிளம்பின கப்பல்கள் இந்தக் கோட்டையைத் தாண்டித்தான் வெளிக்கடலுக்குப் போயிருக்கணும். 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம், டான்ஸ்போர்க் கோட்டை, அப்புறம் நம்மூர் கதை. பொறையாறுல இருந்து தரங்கம்பாடிக்குச் சைக்கிள்லயே போயிடலாம், அந்தக் கோட்டை நிழல்லதான் நான் கிரிக்கெட் ஆடினேன். இந்த ஊர்ல பத்து வருஷமா இருக்கேன், இந்தக் கோட்டைக்கும் நாலு தடவை வந்திருக்கேன். ஒரு தடவைகூட எனக்கு அது தோணலை. வீட்டுப் பேச்சு அன்னிக்கு எழலை.

"அந்த ராஜாவை எங்க புதைச்சிருக்கான்?" என்று மறுநாளே கேட்டார்.

ஆக, ரெண்டாவது சனிக்கிழமை ரோஸ்கில்ட். இது மேற்கே, ரயில்ல அரை மணி நேரம்கூட ஆகாது. ஸ்டேஷன்ல இருந்து கால் மணி நடந்தா கதீட்ரல். 1170-கள்ல ஆரம்பிச்ச செங்கல் கட்டடம், ரெண்டு கூர்க்கோபுரம். உள்ளே ராஜா ராணிகள் மட்டுமே நாற்பது பேர் அளவுக்கு இருக்காங்க. அப்பா உள்ளே போகவே இல்லை. வெளிச்சுவர்ல செங்கல்லை விரல் கணுவால தட்டிப் பார்த்துட்டு நின்னார். "வேக்காடு நல்லா இருக்கு." எங்க வீட்டுக்கு 1979-ல சூளையிலேயே போய் நின்னு ஒவ்வொரு கல்லா தட்டிப் பார்த்து எடுத்தாராம். அம்மா தூக்குவாளியில மோர் கொண்டு வந்து கொடுப்பாங்களாம். இது எனக்குப் புதுசு.

உள்ளே ஒரு தூண்ல ராஜாக்களோட உயரத்தைக் கோடு போட்டுக் குறிச்சு வச்சிருக்காங்க. ரஷ்யாவோட பீட்டர் 208 செ.மீ. ஏழாம் கிறிஸ்டியன் 164. அப்பா 165. "ஒரு ராஜாவை விட உசரம்டா நான்" என்று போட்டோ எடுக்கச் சொன்னார். பழைய கடிகாரம் ஒண்ணு இருக்கு, மணிக்கு மணி குதிரை வீரன் டிராகனைக் குத்துவான், அது கிறீச்னு கத்தும். அதைப் பார்க்க இருபது நிமிஷம் காத்திருந்து, அடுத்த மணிக்கும் நிப்போம்னு அடம் பிடிச்சார்.

வடக்குப் பக்கம் நாலாம் கிறிஸ்டியன். 1648-ல செத்தவர். சுவர்ல பெரிய ஓவியம், 1644 கடற்போர்ல ஒரு கண்ணு போன பிறகும் கப்பல்ல நிற்கிறார். அப்பா செருப்பைக் கழட்டப் போனார், நான்தான் வேண்டாம்னேன். அப்புறம் தெற்குப் பக்கம் கூட்டிட்டுப் போய் எட்டாம் கிறிஸ்டியனைக் காட்டினேன். "இவர் காலத்துலதாம்பா, 1845-ல, தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரன்கிட்ட வித்தாங்க."

அப்பா அங்கேயும் இங்கேயும் பார்த்தார்.

"வடக்கே குத்தகைக்கு எடுத்தவன். தெக்கே வித்தவன். வித்தவன் ஊரை நேர்ல பார்த்தானா?"

"ராஜால்லாம் எங்கப்பா அவ்ளோ தூரம் வந்தாங்க."

"பார்க்காதவனுக்கு விக்கிறது ஈசி."

எனக்குச் சுரீர்னுச்சு. தெரிஞ்சு சொன்னாரா, தெரியாம சொன்னாரா? அக்கா உளறிட்டாளோ? முகத்தைப் பார்த்தேன், சாதாரணமா இருந்தார்.

வெளியே வர்ற வழியில மார்கிரேத்த ராணிக்குச் செஞ்சு வச்சிருக்கிற கல்லறையைப் பத்திச் சொன்னேன். ராணி உயிரோட இருக்கும்போதே 2018-ல ரெடியாயிடுச்சு. அவங்க கணவர் ஹென்ரிக், எனக்கு இங்கே இடம் வேண்டாம்னு 2017-லயே அறிவிச்சுட்டார். அடுத்த வருஷம் இறந்தப்போ பாதி சாம்பலைக் கடல்ல கரைச்சாங்க, பாதியை அரண்மனைத் தோட்டத்துல வச்சாங்க. "அவர் இஷ்டப்படியே விட்டாங்கள்ல? நல்ல புள்ளைங்க" என்றார் அப்பா.

ரயில்ல ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தூங்கினார். முழிச்சதும், "அந்த புரோக்கர் பய எனக்கும் போன் பண்ணான். மூணு லட்சம் குறைச்சுச் சொல்றான்" என்றார்.

நான் பேசாம இருந்தேன்.

"அந்தக் கோட்டை ராஜா மாதிரி, நீ சொல்ற விலைக்கு நானே வாங்கிக்கறேன்னு சொல்லிட்டேன். வச்சுட்டான்."

அடுத்த சனிக்கிழமை ஹில்லராட் போனோம், ஃப்ரெடரிக்ஸ்போர்க் அரண்மனை, அதுவும் அந்த ஒத்தைக்கண்ணு ராஜா கட்டினதுதான். அதைத் தனியா எழுதறேன். அப்பா இப்பவும் பொறையாறுலதான் இருக்கார். போன மாசம் பின்பக்கச் சுவருக்குச் செங்கல் வாங்கியிருக்கார், போட்டோ அனுப்பினார். வேக்காடு சரியில்லையாம்.