கடைமடைக்கும் ஒரு முறை

கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைக்கும் வேலை மார்கழியிலேயே தொடங்கிவிடும். ஆனி, ஆடியில் மேற்கு மலையைத் தாண்டி வரும் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று வீட்டுச் சுவர்கள் மாதக்கணக்கில் ஈரத்தைக் குடித்திருக்கும். மழைக்கு நடுவே அடித்த சுண்ணாம்பு கரைந்து வழிந்துவிடும். மார்கழியில் வானம் வெளுத்த பிறகுதான் வெள்ளையடிக்க முடியும்; பரணில் கிடக்கும் ஜமுக்காளத்தையும் மெத்தையையும் மாடியில் காயப்போடவும் அந்த வெயில்தான் வேண்டும்.

வேலை எப்போதும் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். முதலில் பரண், பிறகு ஒட்டடை, சுவர், அலமாரி, எல்லாம் முடிந்துதான் தரை. தரையைக் கழுவிவிட்டுப் பரணில் ஏறியவர்கள் தரையை மறுபடியும் கழுவத்தான் வேண்டும். பரணிலிருந்து அண்டா, தவலை, வெண்கலப் பானை, குத்துவிளக்கு எல்லாம் இறங்கும். எங்கள் வீட்டில் அம்மா புளியை உப்போடு பிசைந்து, தேங்காய் நாரில் தொட்டு, அண்டாவை அடிவிளிம்பிலிருந்து தேய்த்துக்கொண்டு வருவார். கறுத்துப்போன பித்தளை புளி பட்ட இடத்தில் முதலில் வெளிர்சிவப்பாகத் தெரியும். அதன்மேல் சலித்த சாம்பலைப் போட்டுத் தேய்த்து அலசினால்தான் மஞ்சள் எழும்பும். அலசிய கையோடு துடைத்து வெயிலில் கவிழ்த்துவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் மறுநாளே புள்ளி விழுந்துவிடும். ஓர் அண்டாவுக்கே தோள்பட்டை வலிக்கும்.

வட மாவட்டங்களில் போகி என்றால் விடியற்காலையில் பழையதைக் கொளுத்துவார்கள். எங்கள் பக்கம் அன்று காப்புக் கட்டும் நாள். வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல் நிலையிலும் மாட்டுத் தொழுவத்திலும் தோட்டத்துக் கிணற்றடியிலும் வயலிலும் செருகிவிட்டு வருவார்கள். ஆவாரையும் சிறுபீளையும் வேலியோரத்தில் தானாக முளைத்துக் கிடப்பவை. காசு கொடுக்காமல் கிடைக்கும் இந்தக் கொத்துதான் வீடு பண்டிகைக்கு ஆயத்தமாகிவிட்டது என்பதற்கு அடையாளம். கழித்த சாமான்களைத் தெருவில் போட்டு எரிக்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை. உடைந்த பாத்திரமும் இரும்பும் பழைய சாமான் வண்டிக்குப் போகும். நல்ல துணி வேண்டியவர்களுக்குப் போகும், நைந்த சேலை கரித்துணியாகும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் ஒதுங்கவைப்பதில் பெரிய வேலை. அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

இத்தனையும் யார் கையில் விழுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பெண்கள் விடியும் முன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஏலக்காய் பறிப்பு தைக்குப் பிறகும் நீளும் என்பதால் மார்கழியில் லீவு போட முடியாது. நாளெல்லாம் தூரில் குனிந்து காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் பெண்தான், இரவு ஒன்பது மணிக்கு ஒட்டடைக்கம்பைக் கையில் எடுக்கிறாள். சபரிமலை சீசனில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் கம்பம்மெட்டு வழியாக ஏறி குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள். மகரவிளக்கு நெருங்க நெருங்க நெரிசல் கூடும். அந்தப் பெண் வீடு வந்து சேர இன்னும் நேரமாகும்.

தண்ணீரைப் பங்கு போடத் தெரிந்த ஊர் இது. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான் உயிர். தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவோம். தலைமடைக்காரர் மடையை அடைக்காவிட்டால் கடைமடை காயும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் ஓய்வு என்பதும் அந்தத் தண்ணீர் மாதிரிதான். ஆளாளுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, கடைமடையில் நிற்கிற அம்மாவுக்கோ மனைவிக்கோ ஒன்றும் வந்து சேர்வதில்லை. வயலுக்கு முறை வைக்கத் தெரிந்த நமக்கு வீட்டு வேலைக்கு முறை வைக்க ஏன் தோன்றவில்லை?

எங்கள் வீட்டில் இப்போது முறை உண்டு. பரணும் ஒட்டடையும் ஆண்கள் பாடு. பித்தளை விளக்குவதை ஒரே நாளில் குவிக்காமல், ஞாயிற்றுக்கிழமைதோறும் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்கிறோம். புத்தக அலமாரியும் துணி பீரோவும் பிள்ளைகள் பொறுப்பு. அரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, நெய், முந்திரியை மார்கழி நடுவிலேயே வாங்கிவிடுகிறோம். கடைசி இரண்டு நாளுக்கு வைப்பவை கரும்பு, மஞ்சள் கொத்து, மொச்சைக்காய், பூ மட்டும்தான். பனியில் மல்லிகை வரத்து குறைந்து சீலையம்பட்டி பூ மார்க்கெட்டில் விலை ஏறிவிடும் என்று தெரிந்ததால், சாமி படங்களுக்குச் செவ்வந்தியே போதும் என்று முடிவு செய்துகொண்டோம்.

சாமி படங்களோடு சேர்த்துத் துடைக்க வேண்டிய இன்னொரு படமும் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் உண்டு: பென்னிகுவிக். 1841 ஜனவரி 15 அன்று பிறந்த அந்தப் பொறியாளர் கட்டி, 1895இல் திறக்கப்பட்ட அணை, மேற்கே ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பிவிட்டது. அவர் பிறந்த நாளும் பொங்கலும் ஒட்டியே வருவதால், பாலார்பட்டி விவசாயிகள் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப்பில் 2013இல் திறந்த மணிமண்டபத்தில் அன்று மாலை போடக் கூட்டம் வரும். ஜூனில் தண்ணீர் திறந்து முதல் போகம் விளைந்தால், அந்த அரிசிதான் தையில் பானைக்குள் விழும். பொங்கல் நாளில் இரண்டாம் போகம் வயலில் பச்சையாக நிற்கும். பொங்கல் அரிசி அணையிலிருந்து வந்தது என்பதை எங்கள் பிள்ளைகளுக்குப் படத்தைத் துடைக்கும்போதே சொல்லிவிடுகிறோம்.

வீட்டுக்குள்ளேயே கவனம் போய்விடுவதால் பலர் தொழுவத்தைக் கடைசியில் அவசரமாகக் கூட்டுகிறார்கள். மாட்டுப்பொங்கல் அன்று கம்பம் நந்தகோபாலன் கோயில் மாட்டுத் தொழுவில் பட்டத்துக் காளையைக் கும்பிடக் கூட்டம் திரளும். அந்தப் பக்தி வீட்டுத் தொழுவத்திலும் தெரிய வேண்டும். சாணிக் குழியைத் தள்ளி, ஈரத் தரையில் மண் போட்டு மேடாக்கி, தண்ணீர்த் தொட்டியைப் பாசி போகத் தேய்த்து வைப்பது காப்புக் கட்டும் முன்னே முடிய வேண்டிய வேலை. கொம்புக்கு வர்ணம் பூசுவதைவிட மாட்டுக்கு அதுதான் பெரிய உபகாரம்.

வெள்ளையடிக்காமல் ஒரு வருஷம் விட்டாலும் வீடு இடிந்துவிடாது. ஒரு பித்தளைத் தவலை கறுத்தே கிடந்தாலும் சூரியன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் உடம்பு தேய்ந்து, தூக்கம் கெட்டு, பண்டிகையன்று பேச்சே எழாமல் ஒருத்தி அடுப்படியில் நின்றால் அந்தப் பொங்கலுக்கு அர்த்தம் இல்லை. ஆகவே மார்கழி பிறந்ததுமே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். முடியாததைத் துணிந்து விட்டுவிடுங்கள். தை முதல் நாள் பால் பொங்கி வழியும்போது, வீட்டிலேயே ஓங்கிக் கேட்கிற குலவை அவளுடையதாக இருக்க வேண்டும்.