போர்டு பார்த்துத்தான் போனோம் டாக்டர்

1/
கடை போர்டுகளைப் பற்றி ஒரு நீளமான இழை. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு நினைக்காதீங்க. நிறையவே இருக்கு. பொறுமையா கடைசி வரை வாங்க.

2/
அரசு மருத்துவமனை ஓ.பி.யில் புதுசா வர்ற நோயாளிகிட்ட நான் தவறாம கேட்கிற ஒரு கேள்வி: "இதுக்கு முன்னாடி எங்க காட்டுனீங்க?"
பல பேருக்கு டாக்டர் பேர் தெரியாது. என்ன படிச்சவர்னும் தெரியாது. "பஜார்ல ஒரு இடம் சார், போர்டு பார்த்துப் போனோம்" என்பார்கள்.
ஆக, நாங்க எழுதுற பரிந்துரைக் கடிதத்துக்கு முன்னாடியே ஒரு பரிந்துரைக் கடிதம் தெருவுல தொங்கிட்டு இருக்கு.

3/
அப்படி வந்தவர் ஒருத்தர். கடைவீதியில் மூட்டை ஏற்றி இறக்குற வேலை. வயசு 50க்கு மேல. சர்க்கரை நோய் இருக்கு. கால் பெருவிரலில் ஒரு சின்னப் புண். வலி தெரியல, ஏன்னா சர்க்கரையால நரம்பு ஏற்கெனவே மரத்துப் போயிருந்தது.
மூணு மாசமா ஒரு மாடி அறைக்குப் போயிருக்கார். வாசலில் "சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு" என்று போர்டு. சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஒரு பொடி கொடுத்திருக்காங்க.

4/
எங்ககிட்ட வரும்போது விரல் கறுத்திருந்தது. விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. கால் தப்பியது.
அவர் மனைவி என்கிட்ட கேட்டது இதுதான்: "போர்டுல டாக்டர்னுதானே போட்டிருந்துச்சு தம்பி? பேருக்குப் பின்னாடி அவ்ளோ எழுத்து இருந்துச்சே?"
நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த இழை.

5/
முதல் விஷயம். ஒரு டாக்டர் தன் போர்டுல என்ன எழுதலாம்னு சட்டமே இருக்கு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், பிரிவு 7.13.
2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகள் கொண்டு வந்து, அதே மாசம் நிறுத்தி வைத்தது. அதனால 2002 விதிகள்தான் இன்னும் நடைமுறையில் இருக்கு.

6/
போர்டுல இருக்க வேண்டியவை: பெயர். பல்கலைக்கழகமோ சட்டப்படியான அமைப்போ கொடுத்த பட்டம். பட்டப்பெயர்கள். எந்தத் துறை நிபுணர் என்பது. பதிவு எண், எந்த மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு என்பது.
இதுக்கு மேல எதுவும் எழுதறது முறையல்ல. வழக்கத்துக்கு மாறான பெரிய போர்டு வைக்கறதும் முறையல்ல.

7/
அதாவது, கோட்டு போட்டுக் கை கட்டி நிற்கிற போட்டோ அந்தப் பட்டியலில் இல்லை. "10,000 வெற்றிகரமான சிகிச்சைகள்" இல்லை. "முதல் ஆலோசனை இலவசம்" இல்லை.
மருந்துக்கடை மேல டாக்டர் தன் போர்டை மாட்டுவதும் தப்பு. ஏன்? எழுதிக் கொடுக்கிறவரும் விற்கிறவரும் ஒரே போர்டுல தொங்கினா, எழுதுற மாத்திரை யாருக்காகன்னு நோயாளிக்குச் சந்தேகம் வரும். வரணும்.

8/
இப்போ அந்த அம்மா சொன்ன "அவ்ளோ எழுத்து".
நவீன மருத்துவம் பார்க்க அடிப்படைப் பட்டம் எம்.பி.பி.எஸ். சித்த மருத்துவருக்கு பி.எஸ்.எம்.எஸ்., ஆயுர்வேதத்துக்கு பி.ஏ.எம்.எஸ்., ஹோமியோபதிக்கு பி.எச்.எம்.எஸ். அவங்களுக்கும் முறையான படிப்பும் பதிவும் இருக்கு.
ஆனா "ஆர்.எம்.பி." என்பது பட்டமே கிடையாது. "பதிவு பெற்ற மருத்துவர்" என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். "எம்.டி. (ஏ.எம்.)" என்று இருந்தா அடைப்புக்குறிக்குள்ள இருப்பதைக் கவனிங்க. ஆல்டர்நேட்டிவ் மெடிசின். அது பொது மருத்துவத்தில் வாங்குற எம்.டி. அல்ல.

9/
எழுத்துகளை விட எண்தான் முக்கியம். எழுத்தை யார் வேணா போட்டுக்கலாம். பதிவு எண்ணைச் சரிபார்க்க முடியும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் எண்ணைப் போட்டா பெயர் வரணும்.
கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பணம் கட்டின ரசீதிலும் அந்த எண் இருக்கணும் என்பதும் அதே விதிகளில் இருக்கு. கேட்டா கோபப்படுற டாக்டர்கிட்ட நீங்க தைரியமா இன்னொரு தடவை கேட்கலாம்.

10/
அடுத்து, அந்த "நிரந்தரத் தீர்வு".
மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954. இந்த மருந்து இந்த நோயைக் குணப்படுத்தும்னு விளம்பரம் செய்யவே கூடாதுன்னு 54 நோய்களை அதன் அட்டவணை பட்டியலிடுது. சர்க்கரை நோய் இருக்கு. புற்றுநோய், பக்கவாதம், ரத்த அழுத்தம் எல்லாம் இருக்கு.
இந்தச் சட்டத்தில் விளம்பரம் என்றால் பேப்பர், டி.வி. மட்டும் இல்லை. அறிவிப்பு, சுற்றறிக்கை, லேபிள், வாயால் சொல்றது, வெளிச்சத்தால் காட்டுறது வரைக்கும் அடக்கம். மாடி அறை வாசல் போர்டு தப்பிக்க முடியாது.

11/
இன்னொன்னு. பலருக்கு இது அதிர்ச்சியா இருக்கும்.
கிளினிக், மருந்துக்கடை, ஆம்புலன்ஸ் எல்லாத்துலயும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிறக் கூட்டல் குறி இருக்கே, அதைப் போடுற உரிமை நமக்கு இல்லை. என்னை மாதிரி டாக்டருக்கும் இல்லை.
அது செஞ்சிலுவைச் சின்னம். போர்க்களத்தில் ராணுவ மருத்துவப் பணியாளர்களைச் சுடாதே என்று சொல்ற அடையாளம். ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம், 1960 படி மத்திய அரசின் அனுமதி இல்லாம பயன்படுத்தினா அபராதம். எவ்வளவு தெரியுமா? 500 ரூபாய் வரை. 1960ல அது பெரிய காசு. இன்னைக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கிற செலவுகூட இல்லை.

12/
சரி, டாக்டர் போர்டை விட்டுட்டு தெருவைப் பாருங்க. மாம்பலம் ரயில் நிலையத்துல இறங்கி ரங்கநாதன் தெரு வழியா உஸ்மான் சாலை வரைக்கும் தலையை மேலே தூக்கிட்டு நடந்து பாருங்க (யார் மேலயாவது இடிப்பீங்க, பரவாயில்லை). போர்டுக்கு மேல போர்டு. கட்டடமே தெரியாது.
இப்படி ஒரு கடைவீதியில், சட்டம் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து வைத்திருக்கிற போர்டு ஒன்று உண்டு. நகைக்கடை போர்டு அல்ல, துணிக்கடை போர்டும் அல்ல. பெட்டிக்கடையின் புகையிலை போர்டு.

13/
2003ஆம் ஆண்டு புகையிலைச் சட்டமும் அதன் விதிகளும் சொல்றது: கடை வாசலில் புகையிலைப் பொருள் விற்கிறோம்னு வைக்கிற போர்டு 60 செ.மீ.க்கு 45 செ.மீ.க்கு மேல போகக் கூடாது. மேல்பகுதியில் 20க்கு 15 செ.மீ. அளவில், வெள்ளையில் கறுப்பு எழுத்தில், இந்திய மொழியில், "புகையிலை புற்றுநோயை உண்டாக்கும்" அல்லது "புகையிலை கொல்லும்" என்று இருக்கணும்.
பிராண்ட் பெயர் கூடாது. பாக்கெட் படம் கூடாது. உள்ளே விளக்கு போட்டு ஒளிர விடக் கூடாது.

14/
2005ல திருத்தப்பட்ட இந்தப் போர்டு விதி நீதிமன்றத் தடையில் வருஷக்கணக்கில் கிடந்தது. 2013ல உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.
60 செ.மீ. போர்டுக்கா இவ்வளவு சண்டை? ஆமா. ஏன்னா, பள்ளிக்கூடம் விட்டு வர்ற பையன் தினமும் பார்க்கிற முதல் விளம்பரம் அதுதான். டி.வி.யில் விளம்பரம் நின்ன பிறகு புகையிலைக் கம்பெனிகளுக்கு மிச்சம் இருந்த இடம் பெட்டிக்கடை வாசல்.
வாய்ப் புற்றுநோயோட வர்றவங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த 60க்கு 45 சின்ன விஷயமாத் தெரியறதில்லை.

15/
பெட்டிக்கடைக்காரரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். பளபளன்னு போர்டு இலவசமா வருது, மாட்டிக்கிறார். விதி என்னன்னு அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் நாம இருக்கோம்.

16/
அடுத்து மொழி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948இல் விதி 15. பெயர்ப்பலகை தமிழில் இருக்கணும். வேற மொழி இருந்தா அது தமிழுக்குக் கீழே, தமிழை விடச் சின்ன இடத்தில். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்று விகிதமும் உண்டு.
இதை மொழிப்பற்று விஷயமா மட்டும் பேசுறோம். எனக்கு இது நோயாளி விஷயம்.

17/
ஓ.பி.யில் ஒரு பாட்டிக்கு வெளியே ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லி அனுப்பினோம். முக்கால் மணி நேரம் கழிச்சு வெறுங்கையோட திரும்பி வந்தாங்க. "ரத்தம் எடுக்குற இடம் எதுவும் அங்க இல்லப்பா."
இருந்தது. மூணு இருந்தது. மூணு போர்டுலயும் தமிழ் எழுத்தில் பெருசா "டயக்னாஸ்டிக்ஸ்". பாட்டி ஐந்தாவது வரை படிச்சவங்க. எழுத்துக்கூட்டிப் படிச்சும் பார்த்திருக்காங்க. "ஏதோ இங்கிலீஷ் கடைன்னு நினைச்சேன்" என்றார்கள்.

18/
5:3:2 எழுத்தோட அளவை அளக்கும். புரிஞ்சுதான்னு அளக்காது. பெயர் என்னவா வேணா இருக்கட்டும். கீழே ஒரு வரி "ரத்தப் பரிசோதனை நிலையம்", "எலும்பு மருத்துவர்", "காது மூக்கு தொண்டை" என்று போட்டா என்ன குறைஞ்சிடும்? ஒரு பாட்டி திரும்பி நடக்க வேண்டியிருக்காது.

19/
கடைசியா, அளவு. இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆகணும். 2024 மே 13, மும்பை காட்கோபர். புழுதிப் புயலில் ஒரு ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மேல சாய்ந்தது. 17 பேர் இறந்தார்கள்.
அங்கே அனுமதிக்கப்படுற அதிகபட்ச அளவு 40க்கு 40 அடி. விழுந்தது ஏறத்தாழ 120க்கு 120 அடி. பரப்பளவில் ஒன்பது மடங்கு. காத்து தள்ளுறதுக்கும் ஒன்பது மடங்கு இடம்.

20/
மாத்திரைக்கு மில்லிகிராம் மாதிரிதான் போர்டுக்கு அடியும் சென்டிமீட்டரும். அளவு இல்லாத விதியை யாராலும் சரிபார்க்க முடியாது. காட்கோபரில் அளவு இருந்தது, டேப் பிடிச்சு அளக்க ஆள் வரல. டாக்டர் போர்டு விதியில் அளவே இல்லை. "வழக்கத்துக்கு மாறான பெரிய" என்றால் எத்தனை அடி? பக்கத்துக் கடை போர்டு 20 அடி என்றால், 15 அடி வழக்கமானதா ஆயிடுமா?

21/
விதி சில இடத்தில் தேவைக்கு மேல இறுக்கம் என்பதையும் சொல்லணும். போர்டுல எழுத அனுமதிச்ச பட்டியலில் "பார்க்கும் நேரம்" இல்லை! காய்ச்சலோட குழந்தையைத் தூக்கிட்டு வர்ற அம்மாவுக்கு முதல்ல வேண்டியதே அதுதான்.
இன்னொரு ஓட்டையும் இருக்கு. இந்த விதி பதிவு பெற்ற டாக்டருக்குத்தான். மருத்துவமனை நடத்துற கம்பெனிக்கு இல்லை. அதனால தனியா கிளினிக் வைக்கிற டாக்டர் இரண்டடி போர்டு வைக்கணும், கம்பெனி மேம்பாலம் முழுக்க விளம்பரம் வைக்கலாம்.

22/
என் ஜூனியர் ஒருத்தன் போன வருஷம் கடைவீதியில் கிளினிக் போட்டான். ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் கேட்டாராம்: "போட்டோ இல்லையா சார்? அப்புறம் எப்படிக் கூட்டம் வரும்?" இவன் பெயர், பட்டம், பதிவு எண் மட்டும் போட்டான். எதிர் மாடியில் நாலு மடங்கு பெரிய போர்டு, வாய்க்கு வந்த பட்டங்கள். முதல் ஆறு மாசம் இவனுக்கு வாடகைக்கே தட்டுப்பாடு.
விதியை மதிச்சவன் ஒரு ஓரமா உட்கார்ந்திருக்க, மதிக்காதவர் வாசலில் வரிசை. விதியை யாரும் கவனிக்காம விட்டா இதுதான் நடக்கும். அந்த வரிசையிலதான் நம்ம மூட்டை தூக்குறவரும் நின்னிருப்பார்.

23/
அரசுகிட்ட நான் கேட்கிறது பெருசா ஒன்னும் இல்லை. டாக்டர் போர்டுக்கும் அடிக்கணக்கு கொடுங்க. பார்க்கும் நேரம் எழுத விடுங்க. பதிவு எண்ணைப் பெயரோட அதே அளவில் எழுதச் சொல்லுங்க. கம்பெனிக்கும் அதே விதி வையுங்க. கடை போர்டை அளக்கப் போற அதிகாரி, அதே தெருவில் உள்ள கிளினிக் போர்டையும் ஒரு நிமிஷம் நின்னு படிக்கட்டும்.

24/
உங்ககிட்ட கேட்கிறது மூணு விஷயம்.
புது கிளினிக்குப் போறதுக்கு முன்னாடி போர்டை போனில் ஒரு போட்டோ எடுத்துக்குங்க. பதிவு எண் இருக்கான்னு பாருங்க, இருந்தா சரிபாருங்க.
"நிரந்தரத் தீர்வு", "100 சதவீதம் குணம்", "மாத்திரையே வேண்டாம்" என்று எழுதியிருந்தா, மேலே ஏறாதீங்க. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஓடிட்டு இருக்கிற மாத்திரையை எந்தப் போர்டை நம்பியும் நிறுத்தாதீங்க.
படிக்கத் தெரியாத பெரியவங்க வீட்டில் இருந்தா, அவங்களுக்காக நீங்க படிங்க.

25/
அந்த மூட்டை தூக்குறவர் இப்பவும் மாசா மாசம் சர்க்கரை மாத்திரை வாங்க வர்றார். காலைக் கழுவித் துடைச்சு, செருப்பு போட்டுத்தான் வேலைக்குப் போறார்.
இன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில் உங்க கடைத்தெருவில் எத்தனை கிளினிக் போர்டு, அதுல எத்தனையில் பதிவு எண் இருக்குன்னு எண்ணிப் பார்த்து, கீழே எழுதுங்க. இடத்தோட பேர், டாக்டர் பேர் எதுவும் வேண்டாம். ரெண்டு எண் மட்டும் போதும்.