ஜான்சன் வீட்டில் ஒரு வினைச்சொல்

ஆங்கிலத்தில் ‘டேக்’ என்னும் வினையோடு ‘இன்’ என்ற சின்னஞ்சிறு சொல் ஒன்று சேர்ந்தவுடன் அதற்கு உண்டாகும் அர்த்த விஸ்தாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. தையற்காரர் தொளதொளத்த சட்டையை இடுப்பில் பிடித்துத் தைப்பதும், மாலுமி காற்று மிகும்போது பாயைச் சுருக்குவதும், மாணவன் ஆசிரியர் சொல்வதை மனத்தில் வாங்கிக்கொள்வதும் ‘டேக் இன்’தான், ஷேக்ஸ்பியர் காலத்திலோ, படையெடுத்துச் சென்று ஒரு நகரத்தைக் கைப்பற்றுவதற்கும் அதே பிரயோகம் வழங்கிற்று. இவை அனைத்தினும் விசேஷமானது, ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு அர்த்தங்கள் அதில் சேர்ந்து வாழ்வதே: 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தின் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் அந்நியனை வீட்டில் ஏற்று ஆதரிக்கும் தர்மத்தைச் சொல்ல வந்த அதே பிரயோகம், பிற்காலத்தில், நம்பினவனை ஏமாற்றுவதையும் குறிக்கலாயிற்று.

இத்தகைய கூட்டு வினைகளே ஆங்கிலம் கற்கும் அந்நியர்களுக்குப் பெருந்தொல்லை தருபவை என்பதை 1755-இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே உணர்ந்து எழுதி, அவற்றை மிகுந்த கவனத்தோடு திரட்டித் தந்தவர் சாமுவேல் ஜான்சன். ‘டேக்’ என்ற ஒரே வினைக்கு 134 பொருள்களை அவர் இலக்கமிட்டு வரிசைப்படுத்தினார். ஏமாற்றுதல் என்ற பொருளையும் விலக்காமல் சேர்த்து, அது கொச்சை வழக்கு என்று குறித்துவைத்தார். புத்தகத்தின் வழியே அந்த மொழியைக் கற்ற நம்மைப் போன்றவர்கள், இந்தச் சிரத்தைக்காக அவருக்கு நன்றி பாராட்டக் கடமைப்பட்டவர்கள்.

ஆயினும் அவருடைய அகராதியைக் காட்டிலும் அவருடைய வீடுதான் இந்த வினைக்குச் சிறந்த உரை என்பது என் திடமான அபிப்பிராயம். அன்னா வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பெண்மணி கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொள்வதற்காக அவர் வீட்டுக்கு வந்தார். சிகிச்சை பலிக்கவில்லை, பார்வை அடியோடு போயிற்று, அவரோ நடுவில் சில காலம் தவிர 1783-இல் இறக்கும்வரை ஜான்சனுடைய ஆதரவிலேயே இருந்தார். லண்டன் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்பும் ராபர்ட் லெவட்டுக்கும் அங்கே இடம் இருந்தது. ஒருவரோடொருவர் ஓயாமல் பிணங்கிக்கொண்ட இந்தக் குடும்பத்தை, மனம் சலித்தபோதும் ஜான்சன் கைவிட்டாரில்லை. வெளியே எவ்வளவு நேரமானாலும், இரவு வீடு திரும்பியதும் அன்னா வில்லியம்ஸோடு அமர்ந்து தேநீர் அருந்திய பிறகே அவர் உறங்கச் செல்வது வழக்கம். அந்தத் தேநீரைப் பார்வையற்ற அம்மையாரே ஊற்றுவார். விரலைக் கோப்பைக்குள் விட்டுத்தான் தேநீரின் அளவை அறிகிறார் போலும் என்று முதலில் எண்ணிய, ஜான்சனின் வாழ்க்கைச் சரித்திரத்தை எழுதிய பாஸ்வெல், கோப்பையின் வெளிப்புறத்தைத் தொட்டே அது நிறைந்துவரும் அளவை அறியும் நுட்பம் அவருக்குக் கைவந்திருந்தது என்று பின்னர்த் தெரிந்துகொண்டு, அதையும் அந்நூலில் பதிவு செய்தார். இந்தச் சின்னக் குறிப்பை நான் படிக்கும்போதெல்லாம், பாஸ்வெல் மீதும் எனக்கு மதிப்பு உயர்கிறது. அன்பு குடியிருக்கும் வீட்டில்தான் ஒரு குறைபாடு இத்தனை நேர்த்தியான திறமையாகப் பழுக்க முடியும்.

மனைவியை இழந்து ஜான்சன் துயருற்றிருந்த 1752-ஆம் ஆண்டில், ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பர் என்ற சிறுவன் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பணியாளாக வந்தவனை ஜான்சன் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். 1784-இல் காலமானபோது, ஆண்டுக்கு 70 பவுன் கிடைக்க ஏற்பாடு செய்து, தம் சொத்தின் பெரும்பகுதியையும் பார்பருக்கே விட்டுச் சென்றார். அந்நியனுக்கு இடம் கொடுப்பது என்றால் ஒரு வேளைச் சோறும் ஓர் இரவுத் தங்கலும் என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். வந்தவனை வாரிசாக்குமளவுக்கு அந்தப் பொருள் விரியக்கூடியது என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். ஆகையால் கூட்டு வினைகளைப் பட்டியலாக நெட்டுருப் போடும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பட்டியலைப் படியுங்கள், பரீட்சைக்கு அது வேண்டும்; ஆனால் பாஸ்வெல்லின் நூலையும் அவசியம் படியுங்கள்; ஒரு சொல்லின் பல பொருள்களுள் எதை வாழ்க்கைக்குத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதை அந்த நூல் கற்பிக்கும்.