பிந்தி வரும் பழைய செய்தி

‘உங்கள் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை’ என்னும் குறுஞ்செய்தி கண்டு பதறி ஓடிவந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையோ வகுப்பில் அமர்ந்திருப்பான்!

பொருள்நோக்கு மென்பொருளில் மாணவன் ஒரு ‘பொருள்’. வருகைப் பதிவு நிகழ்வு. ‘வரவில்லை’ என்பது நிபந்தனை. செய்தி அனுப்புதல் செயல். இம்மூன்றும் சேர்ந்ததே விதி.

ஒரே கணினியில் இது எளிது. வகுப்பறைக் கணினியும் அலுவலகக் கணினியும் தனித்தனியே இயங்கும்போது, ‘வந்துவிட்டான்’ என்ற திருத்தம் முந்தியும், பழைய பதிவு பிந்தியும் வந்து சேரலாம். கணினிகளின் கடிகாரங்கள் முற்றிலும் ஒத்துப்போவதில்லை. எனவே நிகழ்வுகளை எண்ணிட்டு வரிசைப்படுத்தும் வழியை லெஸ்லி லாம்போர்ட் 1978-ஆம் ஆண்டில் விளக்கினார். மாணவனின் ஒவ்வொரு பதிவும் ஏறுவரிசை எண் பெற்றால், பிந்தி வரும் பழையதை விதி ஒதுக்கிவிடும்.

பள்ளிக்கு மென்பொருள் வாங்குமுன் விற்பவரிடம் கேளுங்கள்: “பிந்தி வரும் பழைய செய்தியை இது என்ன செய்யும்?”