சனிக்கிழமைக்கு முன் தொடாத கணினிகள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். தையல் தளத்துக்கு மேல்மாடியில் அலுவலகம். மெர்ச்சண்டைசர்கள், கணக்கு, சம்பளம், பேக்கிங் எல்லாம் சேர்த்து அறுபது கணினிகள் இருக்கும். அத்தனைக்கும் பொறுப்பு ஒரே இளைஞர். எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டம் தம்பி’.

நான் போயிருந்தது ஒரு வியாழக்கிழமை. பிடிஎஃப் திறக்கும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்துப் புதிய பதிப்பு வந்திருந்தது. பையர்கள் அனுப்பும் டெக்பேக் (ஆடையின் அளவு, வடிவக் குறிப்புகள்) எல்லாம் பிடிஎஃப்தான். மெயிலில் வருவதைத் திறந்து பார்ப்பதே மெர்ச்சண்டைசரின் பிழைப்பு. ஆகவே இதைத் தள்ளிப்போட முடியாது. முன்பென்றால் பென்டிரைவோடு மேசை மேசையாகப் போய் ஆளை எழுப்பிவிட்டு ஏற்ற வேண்டும். இப்போது தன் இருக்கையிலிருந்தே செய்கிறார்.

சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டர். அதில் மென்பொருளை நிறுவும் எம்எஸ்ஐ கோப்பு. நிறுவல் நடக்கும்போது அந்த ஃபோல்டருக்குள் வருவது கணினியே தவிர, அதன் முன் உட்கார்ந்திருப்பவர் அல்ல. அதனால் படிக்கும் அனுமதியைக் கணினிகளின் பெயருக்கும் தர வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. எழுதும் அனுமதி அவர் ஒருவருக்கு மட்டும். அந்தக் கோப்பை யாராவது மாற்றி வைத்தால், மாற்றியது அறுபது கணினிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வீண் பயம் இல்லை. 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருள் வழியாகவே ரான்சம்வேர் பரவியது. 800 முதல் 1,500 சிறு நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டதாக அந்த நிறுவனமே கணித்தது.

விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வகுக்கும் குரூப் பாலிசி வழியாக மென்பொருள் ஏற்றும் வசதி உண்டு. கணினிக்கென்று ஒதுக்கினால், அது புதிதாகக் கிளம்பும்போதுதான் நிறுவல் நடக்கும். “எங்க ஆளுங்க மானிட்டரை மட்டும் ஆஃப் பண்ணிட்டுப் போயிருவாங்க. அப்புறம் எங்கீங்க ஏறும்?” என்றார். அதனால் அவசரமானவற்றை வேறு கணினியில் கட்டளையை ஓட்டும் பிஎஸ்எக்ஸெக் கருவி மூலம் நேரடியாக ஓடவிடுகிறார். முதலில் தன் கணினி, அடுத்து அலுவலகத்திலேயே பழைய கணினி, பிறகுதான் மற்றவை.

திரையில் ஒவ்வொரு கணினியின் பெயருக்கு எதிரிலும் ஒரு எண் வந்து நின்றது. 0 என்றால் முடிந்தது. 3010 என்றால் ஏறிவிட்டது, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பேக்கிங் கணினியில் 1618. வேறொரு நிறுவல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடவிட்டார். சரியானது.

ஒரு மெர்ச்சண்டைசரின் கணினியில் மட்டும் 1603. தோல்வி என்பதைத் தவிர இந்த எண் ஒன்றும் சொல்லாது. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட லாக் கோப்பைத் திறந்து ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று தேடினார். காரணம் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலேதான் இருக்குமாம். இருந்தது: சி டிரைவில் இடமில்லை. டெஸ்க்டாப் முழுக்க சாம்பிள் படங்கள்.

இருந்த இடத்திலிருந்தே அவற்றை அழித்துவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எழுந்துவிட்டார். “அதுல எது அப்ரூவல் ஆன சாம்பிள்னு எனக்கு எப்படிங்க தெரியும்?” யாருடைய கணினியில் எதைத் தொடக்கூடாது, எப்போது தொடக்கூடாது என்ற இந்த அறிவைத்தான் இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த மெர்ச்சண்டைசர் பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டைலாகச் சொல்லச் சொல்ல, படங்களை டி டிரைவுக்கு மாற்றினார். மறுபடி ஓடவிட்டபோது 3010 வந்தது. “சாப்பிடப் போறப்ப ரீஸ்டார்ட் பண்ணிருங்கக்கா” என்றார். மிச்சம் சம்பளப் பிரிவின் இரண்டு கணினிகள். சனிக்கிழமை வாரச் சம்பளம் போட்டாக வேண்டும். அதுவரை அங்கே எதையும் ஏற்றமாட்டார். வெளி மெயில் அந்த இரண்டிலும் வராது என்பதை உறுதிசெய்துகொண்டு, திங்கட்கிழமைப் பட்டியலில் எழுதி வைத்தார்.