அதியமானுக்கு என்ன மேளம்?

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகிறவர்கள் தொப்பூர்க் கணவாயைத் தாண்டியதும் கொஞ்சம் விழிப்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். தருமபுரிக்கு இன்னும் 7, 8 கிலோமீட்டர் இருக்கும்போதே அதியமான்கோட்டை வந்துவிடும். வானளாவிய மதில்களை எதிர்பார்த்து ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவர்களுக்கு ஏமாற்றந்தான். கோட்டை இப்போது ஊர்ப் பெயரில்தான் கம்பீரமாக நிற்கிறது.

தேய்பிறை அஷ்டமி என்றால் இந்த ஊரில் கூட்டம் நெரியும். காலபைரவர் சந்நிதிக்குச் சாம்பல் பூசணிக்காயும் கையுமாக வருவார்கள். அதைப் பாதியாக வெட்டி எண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்கேற்றுவது இங்கே பிரார்த்தனை. நாங்கள் போனது அஷ்டமியன்று அல்ல. எங்கள் கோஷ்டி போன காரியமே வேறு. அதியமான் எத்தனையாவது மேளகர்த்தா என்று கண்டுபிடிக்கப் போனோம்!

சிரிக்காதீர்கள். சேலத்தில் சங்கீதப் பைத்தியம் கொண்ட சிலர் ஞாயிறு தோறும் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடி, ஒருவருக்கொருவர் புதிர் போட்டு விடுவிக்கிறார்கள். ஒரு வயலின் வாத்தியார், ஓய்வு பெற்ற ஒரு தமிழய்யா, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், முப்பது வருஷமாகக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரும் ஒரு மாமி. கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது என்பது ஒன்றே சட்டம்.

புதிருக்குச் சாவி நம் முன்னோர் செய்து வைத்ததுதான். கடபயாதி என்று பெயர். க வரிசையில் ஆரம்பித்து ஒன்பது எழுத்துக்கு 1 முதல் 9, பத்தாவதற்குப் பூஜ்யம். ட வரிசையில் தொடங்கி அதே மாதிரி இன்னொரு பத்து. ப வரிசை ஐந்துக்கு 1 முதல் 5. ய வரிசைக்கு 1 முதல் 8. தனியாக நிற்கும் உயிரெழுத்துக்கு மதிப்பே கிடையாது, பூஜ்யம். ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் 72 மேளத்தில் அது எத்தனையாவது என்று தெரிந்துவிடும்.

குழந்தைகளுக்கு முதல் பாடம் மாயாமாளவகௌளை அல்லவா? மா என்றால் 5, யா என்றால் 1. 51-ஐத் திருப்பினால் 15. சரியாகப் பதினைந்தாவது மேளம். கல்யாணிக்கு முன்னால் "மேச", சங்கராபரணத்துக்கு முன்னால் "தீர" என்றெல்லாம் இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. 65 என்றும் 29 என்றும் கணக்குச் சொல்ல ஒட்ட வைத்த முன்னெழுத்து.

இங்கேதான் மாமியின் பழைய மனக்குறை வெளியே வந்தது. "நடபைரவி இருபதாவது மேளம்னு பாடம். ந பூஜ்யம், ட ஒண்ணு. திருப்பினா பத்துதானே வரது? சின்ன வயசிலே கேட்டேன். பாட்டுப் பாடினாப் போறும், உனக்குக் கணக்கு எதுக்குன்னுட்டா. எனக்குத்தான் எண்ணத் தெரியலைன்னு அப்படியே விட்டுட்டேன்" என்றார்.

வாத்தியார் வேனிலேயே எழுந்து நிற்காத குறை. "மாமி, நீங்கள் எண்ணியது சரி. தப்பு தமிழ் அச்சில் இருக்கிறது!" என்றார். வடமொழியில் ட நான்கு விதம். தமிழில் ஒன்றே ஒன்று. நடபைரவியில் வருவது இரண்டாவது ட. அதற்கு மதிப்பு 2. எனவே 02, திருப்பினால் 20. முதல் ட வருவது நாடகப்ரியாவில்; அதுதான் பத்து. பழைய புஸ்தகங்களில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று சிறிய எண் போட்டு வேற்றுமை காட்டுவார்கள். அந்த எண் விழுந்துவிட்டால் சாவியே தொலைந்த மாதிரி. மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டார். நல்லம்பள்ளி வரை பேசவில்லை.

ஊரில் இறங்கியதும் முதலில் எளிய புதிர்கள். தருமபுரி: தர்ம என்பதில் 9, 5, திருப்பினால் 59. அந்த மேளத்தின் பெயரே தர்மவதி! கோட்டை: 1, 1. பதினொன்றாவது கோகிலப்ரியா. இதுவரை சண்டை இல்லை. அதியமானில் வந்தது வினை.

அ பூஜ்யம் என்பதில் எல்லாரும் சம்மதம். தி எந்தத் தி? முதல் த ஆனால் 6, அடுத்தடுத்து 7, 8, 9.

"பேசும்போது மெலிந்துதானே ஒலிக்கிறது? மூன்றாவது த. எட்டு" என்றார் வாத்தியார்.

"அப்போ எண்பதாச்சே ஸார்! எழுபத்திரண்டுக்கு மேலே மேளம் ஏது?" என்றார் மாமி.

"இங்கிலீஷில் எழுதுகிறபோது டிக்கு அப்புறம் ஹெச் போடுகிறார்களே மாமி, அப்படியானால் நாலாவது த, ஒன்பது" என்றாள் கல்லூரிப் பெண். அது 90-க்குப் போய் நின்றது. இரண்டாவது த என்று வைத்துக்கொண்டால் எழுபது, நாசிகாபூஷணி. மூக்குக்கு நகை! சங்க காலத்து வீரனுக்கு மூக்குத்தி மாட்டத் தமிழய்யா சம்மதிக்கவில்லை.

அதுவரை சும்மா இருந்த அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். அசோகன் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பாறைகளில் வெட்டிய சாசனத்தில், சோழர் பாண்டியரோடு சேர்த்து "சதியபுதோ" என்று ஒருவரைச் சொல்கிறான். அது யார் என்று அறிஞர்கள் வெகு காலம் விவாதித்தார்கள். 1981-ல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை என்று அதில் இருந்தது. புதிர் விடுபட்டது. "அசோகன் எழுத்தில் நாலு தகரமும் தனித்தனி, அம்மா. சதியபுதோவில் அவன் வெட்டியிருப்பது முதல் தகரம்" என்றார் மாமியிடம்.

ஆக 06. திருப்பினால் 60. அறுபதாவது மேளம், நீதிமதி. "சதிய" என்றே எடுத்துக்கொண்டாலும் 67, சுசரித்ர. இதற்கு மேல் ஒரு ராஜாவுக்கு என்ன நற்சாட்சி வேண்டும்? இதெல்லாம் தற்செயல்தான் என்பது எனக்கும் தெரியும்.

அதியமான் கோட்டத்தில் மன்னனும் ஔவையும் சிலையாக நிற்கிறார்கள். ஔவையே பெரிய புதிர்க்காரிதானே! தொண்டைமானிடம் தூது போனபோது, அவன் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டினான். உன் படைக்கலங்கள் எண்ணெய் பூசி மாலை சூட்டிப் புத்தம் புதிதாய் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளாம். புகழ்ச்சியா, இகழ்ச்சியா? விடுவிக்க வேண்டியது தொண்டைமான் பாடு. அவ்வை என்று எழுதினால் 0, 4. நாற்பதாவது மேளம், நவநீதம். அவளுக்கு அதியமான் ஈந்த நெல்லி முப்பது, நாகாநந்தினி. "அவ்வை நாற்பது, அதியமான் அறுபது, கூட்டினால் நூறு!" என்று குதித்தாள் கல்லூரிப் பெண். "அது ஜோஸ்யம், சங்கீதம் இல்லையம்மா" என்று வாத்தியார் அடக்கினார்.

59-ம் 60-ம் பக்கத்துப் பக்கத்து மேளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தைவதத்தில் மட்டுந்தான். தர்மவதியின் சதுச்ருதி தைவதத்தை ஒரு படி ஏற்றினால் நீதிமதி. ஆனால் அந்தத் தைவதம் காகலி நிஷாதத்தோடு தோளை உரசிக் கொண்டு நிற்பதால் தொண்டைக்குச் சிரமம். விவாதி மேளம். 72-ல் 40 இப்படிப்பட்டவை; தோஷம் என்று பயந்து பலர் பாடுவதில்லை. கோடீஸ்வரய்யர் பயப்படவில்லை. 72-லும் தமிழில் கீர்த்தனை செய்து, கந்த கானாமுதம் என்று தந்துவிட்டுப் போனார்.

சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுவதும் ராமாயண, பாரதச் சித்திரங்கள். கழுத்து வலிக்கும், பரவாயில்லை. மற்றவர்கள் மேலே பார்த்துக் கொண்டிருந்தபோது மாமி தூணோரம் உட்கார்ந்து மெதுவாக தர்மவதி ஆரோகணத்தைப் பாடினார். பிறகு நீதிமதி. முதல் தடவை தைவதம் நழுவிற்று. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை வாத்தியார் தலையை ஆட்டாமல் கண்ணை மூடிக்கொண்டார். அவரிடம் அதுதான் உயர்ந்த பாராட்டு என்று பிறகு தெரிந்து கொண்டேன்.

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமி அந்தப் பெண்ணிடம் நோட்டும் பேனாவும் வாங்கிக் கொண்டார். கனகாங்கியிலிருந்து வரிசையாக எழுதி, ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் எண் போட வைத்தார் வாத்தியாரை. டீ ஆறிப் போயிற்று. இருபதாவது பெயருக்கு வந்தபோது மட்டும், "இருங்கோ, இதை நானே போடறேன்" என்றார்.