கயிற்றின் இந்த முனை

போர்ட்லாண்டிலிருந்து 26ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால், ஹூட் மலையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் காடு அறுந்துபோகும். வானத்தை மறைத்து நின்ற டக்ளஸ் ஃபர் மரங்கள் குட்டையாகி, இடைவெளி விட்டு, பிறகு காணாமலே போய்விடும். கடலிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் கேஸ்கேட் மலைத்தொடர் மேற்குப் பக்கமே பிழிந்து வைத்துக்கொள்கிறது. போர்ட்லாண்டில் ஆண்டுக்கு 36 அங்குலத்துக்கு மேல் மழை. மலைக்கு அந்தப் பக்கம் 10 அங்குலம் பெய்தால் பெரிய விஷயம். பாலைவனம் என்றதும் மணல்மேட்டைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடியில் இருக்கும் மேட்டுப்பாலை இது. முறுக்கிக்கொண்டு நிற்கும் ஜூனிப்பர் மரங்களும், வெளிறிய சேஜ் புதர்களும்தான் இதன் அடையாளம். பகலில் தோல் காய்ந்து வெடிக்கும். அன்றிரவே ஸ்வெட்டர் தேடுவோம்.

வழியில் மெட்ராஸ் என்று ஓர் ஊர் வருகிறது. நம் மெட்ராஸ் துணியிலிருந்து வந்த பெயர் என்பார்கள். முதல் தடவை போகும் தமிழர்கள் அந்தப் பெயர்ப்பலகையடியில் படம் எடுக்காமல் நகர்வதில்லை, நாங்களும் எடுத்தோம். அந்த ஊருக்கு வேறொரு பெருமையும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

மெட்ராஸுக்குத் தெற்கே, டெரபோன் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது ஸ்மித் ராக் மாநிலப் பூங்கா. வயலும் குதிரை லாயமுமாகப் போய்க்கொண்டிருக்கும் சமதளம் திடீரென்று பிளந்து, கீழே க்ரூக்கட் ஆறு வளைந்து ஓடுகிறது. எதிர்க்கரையில் செம்மண் நிறமும் மஞ்சளும் கலந்த பாறைச் சுவர்கள் செங்குத்தாக எழுகின்றன. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும் எரிமலை ஒன்று கக்கிய சாம்பல் படிந்து இறுகிய பாறை அது. வண்டியை நிறுத்திவிட்டு நாம் நிற்கும் இந்தக் கரையோ வெகு பின்னால், தெற்கேயுள்ள நியூபெரி எரிமலையிலிருந்து ஓடிவந்த குழம்பு உறைந்த கறுப்புப் பாறை. நடுவில் ஓடும் ஆறு இந்தக் கதை எதிலும் அக்கறை இல்லாததுபோல் சோம்பலாகப் போகிறது.

நடப்பதற்கென்று வருகிறவர்கள் பெரும்பாலும் மிசரி ரிட்ஜ் பாதையில் ஏறுவார்கள். மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம், நிழல் கிடையாது, காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. உச்சியிலிருந்து த்ரீ சிஸ்டர்ஸ் மலைகளும் ஜெஃபர்சன் சிகரமும் பனியோடு தெரியும். மறுபக்கம் இறங்கும்போது மங்கி ஃபேஸ் என்ற தனித் தூண் எதிரே நிற்கிறது. 350 அடி உயரம், 1960இல்தான் முதன்முதலாக மனிதர்கள் அதன் தலையில் கால் வைத்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் குரங்கு முகமேதான். அதன் வாய்க்குள் இருவர் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தார்கள்.

நான் நடக்கிறவன். பாறை ஏறுவது என் அண்ணன் மகள். கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்பதால், நகரத்தில் உள்ளரங்கச் சுவர் ஒன்றில் எனக்குப் பல வாரங்கள் பயிற்சி கொடுத்து, தேர்வும் வைத்து, பிறகுதான் இங்கே அழைத்துவந்தாள். பாறை ஏற்றம் என்றால் தசைபலம் என்று நினைத்திருந்தேன். அங்கே பாதிப் பேர் சும்மா நிற்கிறார்கள். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவர், அண்ணாந்து பார்த்தபடி, இடுப்பில் மாட்டிய தடைக்கருவி வழியாகக் கயிற்றை விட்டும் இழுத்தும் நிற்கிறார். பிலே என்று பெயர். கழுத்து பிடித்துக்கொள்ளும். படங்களில் இவர் வருவதே இல்லை.

ஏறுமுன் அவள் என் கருவியைச் சோதித்தாள். அவளுடைய எட்டு முடிச்சை நான் இழையிழையாகப் பார்த்தேன். "சித்தப்பா, கண்ணு என் மேல இருக்கணும், கழுகு மேல இல்ல" என்றாள். பொன்னிறக் கழுகுகள் கூடு கட்டும் இடம் அது; அந்த மாதங்களில் சில சுவர்களை ஏறுபவர்களுக்கு மூடியே விடுகிறார்கள். அவள் கண்டிப்பில் நியாயம் இருந்தது.

இந்தப் பாறையில் கைக்கு அகப்படுவது பெரும்பாலும் சிறு குழிகளும் குமிழ்களும்தான். புளியங்கொட்டை அளவு துருத்திய ஒரு குமிழில் காலணி நுனியை வைத்து, முழு எடையையும் அதில் ஏற்றி, அவள் மெல்ல நிமிர்ந்தாள். இடது முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆடியது. "டேக்!" என்ற குரல் வந்ததும் கயிற்றை இறுக்கிப் பின்னால் சாய்ந்தேன். அவள் கயிற்றில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டாள். அவளுடைய எடை அப்படியே என் இடுப்பில். அந்த நிமிடத்தில் எனக்கு வேறு எந்த யோசனையும் இல்லை, வீட்டுக் கடன் உட்பட.

கயிறு கோக்கும் போல்ட்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ஏறுநர்களிடையே ஒரு சட்டம் போல இருந்தது: தரையிலிருந்து தொடங்கி, போகிற போக்கில்தான் பாதுகாப்பை அமைத்துக்கொள்ள வேண்டும். மெட்ராஸில் வளர்ந்த ஆலன் வாட்ஸ் என்ற இளைஞர் அதை மீறினார். உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி, உதிரும் பாறையைத் தட்டிச் சுத்தம் செய்து, போல்ட் அடித்து, பிறகு கீழிருந்து ஏறினார். ஏமாற்று வேலை என்றார்கள். ஆனால் விரல் பட்டால் உதிரும் இந்தச் சுவர்களில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1986இல் பிரான்ஸிலிருந்து வந்த ழான்-பாப்டிஸ்ட் த்ரிபூ, வாட்ஸ் தயார்செய்து வைத்திருந்த ஒரு தடத்தை ஏறி முடித்தார். ஏற்றத்தின் கடினத்தைக் குறிக்கும் அளவுகோலில் 5.14 தரம் பெற்ற அமெரிக்காவின் முதல் பாதை அதுதான். உலகம் திரும்பிப் பார்த்தது. பெயர் ஏறியவருக்குப் போனதில் தவறில்லை. சுவரில் தொங்கியபடி மண்ணைச் சுரண்டிய நாட்களைத்தான் நான் அதிகம் யோசித்தேன்.

இப்போது அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. வார இறுதியில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே தனி ஏற்றம். இத்தனை கால்கள் மிதித்தால் உதிரி மண் பாதைகள் ஆற்றுக்குள் சரியத்தான் செய்யும். வசந்த காலத்தில் தன்னார்வலர்கள் கூடிக் கல் அடுக்கிப் படி கட்டுகிறார்கள். அண்ணன் மகள் அடுத்த முறைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். எனக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டாளாம். கயிற்றைச் சுருட்டிப் பையில் திணித்தபடி, "கடப்பாரை பிடிக்கத் தெரியும்ல சித்தப்பா?" என்று கேட்டாள்.